ஹங்கேரியக் கவிஞர் பெட்டோஃபி போரில் சாகவில்லை, சைபீரியாவில் வாழ்ந்தார் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். ஷாண்டோர் பெட்டோஃபி 1849 ஜூலை 31 அன்று, ஹங்கேரிய விடுதலைப் போரின்போது டிரான்சில்வேனியாவில் (இன்றைய ருமேனியாவில்) நடந்த செகெஷ்வார் சண்டையில், 26 வயதில் இறந்தார். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு இதுதான்.

"உடலே கிடைக்கவில்லையே?" என்று உடனே பின்னூட்டம் வரும். கிடைக்காததில் வியப்பில்லை. ஹங்கேரியத் தளபதி பெம்மிடம் இருந்த ஆட்களைவிட, ஆஸ்திரியாவுக்கு உதவ வந்த ரஷ்யப் படை பல மடங்கு பெரிது. மாலையில் ரஷ்யக் குதிரைப்படை பக்கவாட்டில் பாய்ந்ததும் அணி சிதறியது. பெம்மின் உதவி அதிகாரியான பெட்டோஃபியிடம் அன்று குதிரை இல்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தவரைப் படை மருத்துவர் ஒருவர் கடைசியாகப் பார்த்திருக்கிறார். ஈட்டியோடு துரத்தும் குதிரைவீரர்களிடமிருந்து வெட்டவெளியில் ஓடித் தப்புவது நடக்கிற காரியமா? செத்தவர்களின் உடுப்பை உருவிக்கொண்டு, மொத்தமாகக் குழிகளில் போட்டு மூடினார்கள். சீருடை போனபின் யாரை எப்படி அடையாளம் காண்பது?

சைபீரியக் கதைக்கு ஆதாரமாகக் காட்டுவது 1989-ல் சைபீரியாவின் பர்குசின் என்ற ஊரில் தோண்டிய எலும்புக்கூட்டை. ஹங்கேரிய அறிவியல் கழக வல்லுநர்கள் அது ஒரு பெண்ணுடையது என்று சொல்லிவிட்டார்கள். பெட்டோஃபிக்கு இருந்ததைப் போன்ற துருத்திய பல் அதில் இருக்கிறது என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஆணா பெண்ணா என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது இடுப்பெலும்பை, பல்லை அல்ல. மரபணுச் சோதனை என்றாலும், பழைய எலும்பில் எளிதில் மிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) டிஎன்ஏ. அது தாய்வழியே மட்டும் வரும். ஆகவே பெட்டோஃபியின் தாய் மாரியா ஹ்ரூஸ் வழி உறவோடுதான் ஒப்பிட வேண்டும். பெட்டோஃபியின் மகன் சோல்தானிடம் இருப்பது அவனுடைய தாய் யூலியாவின் வழி. அது இதற்கு உதவாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கதையைப் பரப்புகிறவர்களே மனைவி யூலியா செந்த்ரெயையும் தூற்றுகிறார்கள், 1850 ஜூலையிலேயே மறுமணம் செய்துகொண்டாராம். திருமணமான புதிதில், 1847-ல், "நான் இறந்தால் விதவைக் கோலத்தைக் கலைத்துவிடுவாயோ" என்ற பொருளில் பெட்டோஃபி எழுதிய கவிதையையே அவருக்கு எதிராக நீட்டுகிறார்கள். கணவர் மறைந்தபோது யூலியாவுக்கு 20 வயது, கைக்குழந்தைக்கு ஏழு மாதம். கணவரைத் தேடி டிரான்சில்வேனியா வரை போனவர் அவர். பிற்பாடு டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் சிறுவர் கதைகளை ஹங்கேரிய மொழிக்குக் கொண்டுவந்தார். 1868-ல் இறக்கும்போது வயது 39. வசைபாடுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதே இல்லை.