குற்றவாளியைப் பிடிக்காத இன்ஸ்பெக்டர்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசுகிறோம். இந்த மாதம் நான் சிபாரிசு செய்தது ஸ்விட்சர்லாந்து எழுத்தாளர் டூரன்மாட் எழுதிய 'தி ஜட்ஜ் அண்ட் ஹிஸ் ஹேங்மேன்'. சின்ன நாவல், துப்பறியும் கதை, எல்லோருக்கும் பிடிக்கும் என்று நம்பினேன். கூட்டம் சண்டையில் முடிந்தது. போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், "சந்தேகப்படும் ஆளின் பெயரை மேலதிகாரியிடம் சொல்லாமல் மறைத்தவனை ஹீரோ என்கிறீர்களே" என்று எழுந்து போய்விட்டார். கணவரைப் புற்றுநோயில் இழந்த ஒரு அம்மா, "வயிற்றில் அந்த நோயோடு ஒரு மனுஷன் இப்படிச் சாப்பிட முடியுமா?" என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்கவில்லை. இரண்டு இளைஞர்களுக்கு மட்டும் ரொம்பப் பிடித்திருந்தது. என் தேர்வு தப்பா? அந்தப் போலீஸ்காரரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தேர்வு தப்பில்லை சகோதரி. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான் வினையாகிவிட்டது. 'துப்பறியும் கதை' என்று கொடுத்தால், தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் தேநீர் குடித்து முடிப்பதற்குள் குற்றவாளி அகப்படுவான் என்றுதான் யாரும் உட்காருவார்கள். இதில் வரும் கிழட்டு போலீஸ் இன்ஸ்பெக்டர் பேர்லாக் அந்த ரகம் இல்லை. (நாவலின் முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.)

உங்கள் போலீஸ்காரர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதை அவரிடமே சொல்லுங்கள். 1948 நவம்பரில் ஸ்விட்சர்லாந்தின் ட்வான் கிராமத்துக்கு மேலே, சாலையோரம் நின்ற காரில் ஷ்மீட் என்ற போலீஸ் அதிகாரி சுடப்பட்டுக் கிடக்கிறார். தனக்கு ஒருவர் மேல் சந்தேகம் என்று பேர்லாக் மேலதிகாரியிடம் சொல்வார், பெயரைச் சொல்லமாட்டார். உதவிக்கு ட்ஷான்ஸ் என்ற இளம் போலீஸ்காரனைக் கேட்டு வாங்கிக்கொள்வார். கொலைகாரனே அவன்தான். கொலைகாரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்பது வருஷமாகத் தன் கையில் சிக்காத காஸ்ட்மன் என்ற குற்றவாளியை ட்ஷான்ஸ் கையாலேயே முடித்துவிடுகிறார். எந்த ஊர் காவல்துறை விதிப்படியும் இது குற்றம். ஆசிரியருக்கும் அது தெரியும். வைத்த தலைப்பைப் பாருங்கள்: நீதிபதியும் அவருடைய தூக்கிலிடுபவனும்.

அடுத்த கூட்டத்தில் அந்த நாய்க் காட்சியை யாராவது சத்தமாகப் படிக்கட்டும். இருட்டில், காஸ்ட்மன் வீட்டு வாசலில், பெரிய நாய் ஒன்று கிழவர் மேல் பாய்கிறது. ட்ஷான்ஸ் சுட்டுத் தள்ளுகிறான். உயிரைக் காப்பாற்றினானே என்று நாமும் மூச்சு விடுகிறோம். அப்புறம் அன்றிரவு வீட்டில் பேர்லாக் கோட்டைக் கழற்றும்போது பார்த்தால், நாய்களைப் பழக்குகிறவர்கள் செய்வதுபோல இடது கையில் தடித்த துணி சுற்றியிருக்கிறது. கோட்டுப் பையில் துப்பாக்கியும் இருக்கிறது. அதாவது நாய் வரும் என்று தெரிந்தே போயிருக்கிறார். ட்ஷான்ஸ் துப்பாக்கியின் குண்டு ஒன்று வேண்டும். ஷ்மீட்டைக் கொன்ற குண்டோடு ஒப்பிட வேண்டும். அது நாயின் உடம்பிலிருந்து கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது! இதைப் பற்றித் தொழில் தெரிந்தவராக அவரைப் பேசச் சொல்லுங்கள். "நீங்கள் இருந்திருந்தால் அந்தக் குண்டை என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து போக மாட்டார் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவின் கேள்வி இதைவிடக் கனமானது. பேர்லாக்குக்கு வயிற்றில் நோய் முற்றிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்தால் இன்னும் ஒரு வருஷம், அவ்வளவுதான் என்கிறார் நண்பரான டாக்டர். அந்த நிலையில் கடைசி இரவில் ட்ஷான்ஸை விருந்துக்குக் கூப்பிட்டு, தட்டுத் தட்டாகத் தின்று தீர்க்கிறார். எதிரே இருப்பவனுக்குச் சோறு இறங்கவில்லை. மருத்துவப்படி பார்த்தால் நம்ப முடியாதுதான். எனக்கும் அங்கே இடறுகிறது. அவர் பசிக்காகச் சாப்பிடவில்லை, நோயாளி என்று தன்னைக் குறைவாக எடைபோட்டவனை மிரட்டுவதற்காகச் சாப்பிடுகிறார் என்று படித்தால் காட்சி நிற்கும். ஆனால் இந்த விளக்கத்தை அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லாதீர்கள். ஒரு வாய் கஞ்சிகூட உள்ளே போகாமல் ஒருவர் படுத்திருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் இலக்கிய நயம் பேசக்கூடாது. கூட்டத்துக்கு வெளியே தனியாகப் பார்த்து, அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை. இனிமேல் புத்தகத்தைக் கொடுக்கும்போதே இப்படிப்பட்ட விஷயம் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

இளைஞர்களை அதிகம் பாராட்டிவிடவும் வேண்டாம். கதையில் ஓட்டை இருக்கிறது. ட்ஷான்ஸ் போய்ச் சுடாமல் இருந்திருந்தால்? காஸ்ட்மன் முந்தியிருந்தால்? கிழவரின் திட்டமே அந்தரத்தில் தொங்குகிறது. 1950 டிசம்பர் முதல் 1951 மார்ச் வரை ஸ்விட்சர்லாந்தில் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது இது. தொடர் தொடங்கும்போது டூரன்மாட்டுக்கு முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை. குடும்பச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் கொக்கி போடும் வேகத்தில் இது புரியும். தொடர்கதை படித்து வளர்ந்த உங்கள் கூட்டத்துப் பெரியவர்கள் அதை இளைஞர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள்.

போலீஸ்காரரை போனில் கூப்பிடாதீர்கள், நேரில் போங்கள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, சமாதானமும் வேண்டாம். "நாய்க் காட்சியைப் பேச நீங்கள் வேண்டும் சார்" என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த மாதப் புத்தகத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இதே பேர்லாக் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, 'லைஃப்' பத்திரிகையில் வந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்து நாஜி முகாம் டாக்டர் ஒருவனைத் தேடும் அடுத்த நாவலும் இருக்கிறது. ஆனால் அதை இப்போது எடுக்காதீர்கள். அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசனையே வேண்டாம்.