கஷ்டம் என்ற சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குப் பாலக்கோடு பக்கத்துக் கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் என் பாட்டி தவறிவிட்டார். தாத்தா சின்ன வயதிலேயே போய்விட, புளி தட்டியே எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தவர் அவர். அவர் கதையை நாவலாக எழுத ஆரம்பித்து நாற்பது பக்கம் வந்திருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். "எல்லா வீட்டுலயும் நடக்கறதுதானே, இதை யாரு காசு குடுத்துப் படிப்பாங்க?" என்கிறார் என் கணவர். சாதாரணக் குடும்பத்தின் கஷ்டத்தையும் இழப்பையும், அதையெல்லாம் தாண்டி நிற்கிற அன்பையும் சொல்லும் நாவல்களுக்கு இன்று இடம் இருக்கிறதா? அப்படிப் பத்து நாவல்கள் சொல்வீர்களா? முழுவதையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதலாமா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

கோவையில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் பல்வலி வந்துவிட்டது. தங்கைதான் டாக்டரிடம் கூட்டிப் போனாள். வாயைத் திறந்ததுமே அந்த இளைஞர், "சார், தர்மபுரிப் பக்கமா?" என்றார். அப்புறம் பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்து, "இவங்க உங்க கூடப் பிறந்தவங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். அவள் பல் வெள்ளை. என் பல்லில் பழுப்புக் கறை. ஊர் திரும்பியும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் நாற்பது பக்கம் வந்தது.

ஊர்ப் பேச்சில் எழுதுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பத்து நாவல் பட்டியல் தர மாட்டேன். ஒன்று போதும்: ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964இல் வந்தது. பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று லிஸியின் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைக்கிறார்கள். அதுதான் அவள் கஷ்டம். பனையேறி மகன் மேல் அவள் வைத்த பிரியமும் அதே நாலு சுவருக்குள்தான் வருஷக்கணக்காகப் பொறுத்திருக்கிறது. கஷ்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேயே அன்பும் உட்கார்ந்திருக்கும். தனியாக எடுத்துக் காட்ட முடியாது.

உங்கள் பக்கங்களில் 'கஷ்டம்' என்ற சொல் முப்பத்தோரு இடத்தில் வருகிறது. எண்ணினேன். 'விதி' ஒன்பது இடம். 'வறுமை தாண்டவமாடியது' இரண்டு இடம். எந்த வீட்டில் தாண்டவமாடியது? என்ன விலைக்கு விற்ற ராகியை, எத்தனை படி கடன் வாங்கினார்கள்? கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவர் நீங்கள், வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் செலவு எழுதுவீர்களா? பாட்டியின் வாழ்க்கையை மட்டும் மொத்தமாக 'கஷ்டம்' என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடலாமா? எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று உங்கள் கணவர் கேட்டது, இந்த நாற்பது பக்கத்தைப் பொறுத்தவரை நியாயமான கேள்வி. எந்த வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள்.

பன்னிரண்டாம் பக்கத்தில், 'பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நாணத்தோடு சிரித்தாள்' என்று இருக்கிறது. அது நாணம்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? எங்கள் அம்மாவும் வாயை மூடித்தான் சிரிப்பாள். வெளியூர்க்காரர்கள் வெட்கம் என்று நினைப்பார்கள். அது பல்.

நம் பக்கத்துப் பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடித் தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது. ஈறுக்குள் பல் உருவாகிற வயதில், ஏறத்தாழ எட்டு வயது வரைக்கும், அதைக் குடித்தால் பல்லில் கறை விழும். வளர்ந்த பிறகு குடித்தால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது, எலும்பில்தான் போய்ச் சேரும். இதெல்லாம் அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைத்தபோது சுண்ணாம்பு பூசியது போல அங்கங்கே திட்டு இருந்தது. போகப் போக அது பழுப்பானது. நான் ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று நினைத்தாள் அம்மா. அடுப்புச் சாம்பலில் உப்பைக் கலந்து, என்னை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தேய்ப்பாள். ஈறு கிழிந்து ரத்தம் வரும். வாயைக் கொப்பளிக்க அவள் மொண்டு கொடுத்ததும் அதே அடிபம்புத் தண்ணீர்தான்.

1990 வாக்கில் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தவர்கள் எங்கள் தெரு அடிபம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். தங்கைக்கு அப்போது ஒரு வயசு. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு. அந்தத் தண்ணீர் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து அப்பா விடிகாலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேரியரின் இரண்டு பக்கமும் குடம், பழைய ட்யூபை வெட்டி இழுத்துக் கட்டியிருப்பார். தண்ணீர் அலம்பிச் சிந்தாமலிருக்க இரண்டு குடத்து வாயிலும் வேப்பிலைக் கொத்து. வந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். வீட்டில் அதற்குப் பெயர் பாப்பா தண்ணி. மற்ற யாரும் தொடக்கூடாது.

ஒருநாள் விளையாடிவிட்டு வந்த தாகத்தில் அதில் ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டேன். அப்பா பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்துச் சுவரோரமாக ஒண்டினேன். அடிக்கவில்லை. "உனக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுடா" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். இனிமேல் ஆவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் அவர் சொன்னார் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது.

ஏழு வருஷம் அந்தக் குடம் வந்தது. அவர் என்னையோ தங்கையையோ மடியில் வைத்துக் கொஞ்சிப் பார்த்ததில்லை. அம்மாவிடமும் ஆசையாக நாலு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மா சிரித்தது அவர் ஒருவர் முன்னால்தான். எங்கள் முன்னால்கூடக் கை போய் வாயை மூடிக்கொள்ளும். நாங்கள் இருப்பது தெரியாமல் திண்ணையில் அவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் கை மடியில் கிடக்கும். 2009இல் அப்பா போனார். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைத் தொடங்கி வைத்தது 2013இல். எங்கள் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் வந்த அன்று அம்மா ஒரு டம்ளர் பிடித்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்கப்பன் ஏழு வருஷம் மிதிச்சான்" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

இப்போது சொல்லுங்கள், உங்கள் முப்பத்தெட்டாம் பக்கத்தில் சாகப்போகிற தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன், என் அன்பு உனக்குத் தெரியும்" என்று அரைப் பக்கம் பேசுகிறாரே, அவர் அப்படிப் பேசினாரா? யார் கேட்டது? நீங்கள் பிறப்பதற்கு முன்பே போனவர் அவர். சினிமாவில் கேட்டதைக் கொண்டுபோய் அவர் வாயில் போட்டிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

கோபப்படக் காரணம், பாட்டி உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனதை நீங்களே மிதித்துத் தாண்டிப் போகிறீர்கள். 'புளி தட்டி அப்பாவைப் படிக்க வைத்தாள்' என்று ஒரே வரி. அடுத்த நாலு பக்கம் அழுகை. அந்த ஒரு வரிதான் உங்கள் நாவல். மாசி பங்குனியில் புளி வந்து இறங்கினால் வாசல் முழுக்கப் பெண்கள் கல்லும் சுத்தியுமாக உட்காருவார்களே, பார்த்திருப்பீர்கள். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரலில் கீறல் இருந்தால் புளி பட்டுப் பட்டு எரியும். அந்தக் கையோடு ராத்திரி களி கிண்டினாரா, இல்லை வேறு யாராவது கிண்டினார்களா? உங்கள் அப்பா அப்போது எத்தனாவது படித்தார்? அவரும் பக்கத்தில் உட்கார்ந்து தட்டினாரா, இல்லை பாட்டி அவரைத் தொடவே விடவில்லையா? விடவில்லை என்றால், அதை எழுதுங்கள். அன்பைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல் வேண்டியதில்லை.

பாட்டியின் நாத்தனார் இன்னும் ஊரில் இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்பது வயது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாவலை மூடி வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறி அவரிடம் போய் உட்காருங்கள், ம. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தட்டினார்கள், கூலி என்ன, கொட்டையை யார் வாங்கினார்கள், பாட்டி சிரிக்கும்போது ஏன் வாயை மூடினார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.