'எந்தப் பாதிப்பும் இல்லை' என்று எழுதும் முன்: மக்கள் தொடர்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எம்.சி. ரோடு ஜவுளிக் கடைக்காரர்: ரீல்ஸ் போடும் பெண்ணுக்குப் பணம் கொடுக்கிறோம். 'விளம்பரம்' என்று போடாமல் விட்டால் என்ன?

கூடாது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 2021-லேயே விதி போட்டுவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இடம் உண்டு. துணி நன்றாக இருந்தால் விளம்பரம் என்று தெரிந்தே வருவார்கள்.

பெயர் போடாத ஒருவர்: பேப்பரில் செய்தி வர என்ன செய்யணும்? அர்ஜென்ட்.

என்ன தொழில், என்ன செய்தி, எந்தப் பேப்பர்? நிருபருக்கும் இப்படித்தான் எழுதினீர்கள் என்றால், ஏன் வரவில்லை என்று எனக்குப் புரிகிறது.

மணலி ஆலை அதிகாரி: பக்கத்துத் தெருக்களில் நாற்றம் என்று வீடியோ பரவுகிறது. "பொதுமக்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை" என்று உடனே அறிக்கை விடச் சொல்கிறார் எம்.டி. விடலாமா?

இந்த ஒரு வரியோடு ஆண்டுக்கணக்காக மல்லுக்கட்டுகிறேன். 2017 ஜனவரி கடைசியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. சில நாளில் எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வாளியால் கசடை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நாடே பார்த்தது அந்தப் படத்தைத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயுக் கசிவு. இத்தனையும் மூக்கால் அறிந்த ஜனங்கள் 'பாதிப்பு இல்லை' என்று படித்தால், ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எம்.டி. கையெழுத்துப் போடுவதற்குள் வீடியோ பத்து குரூப் தாண்டியிருக்கும்.

ஐந்தாறு வரி போதும். எத்தனை மணிக்குத் தெரிந்தது, எந்த யூனிட்டை நிறுத்தினீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லியாயிற்றா, கண் எரிந்தால் எங்கே போவது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. பத்திரிகைக்கு அனுப்பும் முன் குடியிருப்போர் சங்கத்துக்கும் மீனவ கிராமப் பஞ்சாயத்துக்கும் போன் போடுங்கள். எம்.டி. முரண்டு பிடித்தால் டைலெனால் கதையைச் சொல்லுங்கள். எல்லா வகுப்பிலும் சொல்கிற கதைதான், இருந்தாலும் சொல்லுங்கள்: 1982-ல் அமெரிக்காவில் டைலெனால் என்ற வலி மருந்தில் விஷம் கலந்தது யார் என்று தெரியாதபோதே ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. மறுபடியும் சொல்கிறேன், தெரியாததை 'இல்லை' என்று எழுதாதீர்கள்.

காசிமேடு மீன் வியாபாரி: மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் ரசாயனம் கலப்பதாகச் சொல்லும் பழைய வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். மறுப்பு போடலாமா?

போடலாம், ஆனால் அந்த வீடியோவை ஒட்டாமல். பார்க்காதவர்களும் பார்ப்பார்கள். இன்று விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீனை, தேதியும் நேரமும் வாயால் சொல்லி அரை நிமிடம் படம் பிடித்துப் போடுங்கள். "எங்கள் மீனில் கலப்படமே கிடையாது" என்பது மட்டும் வேண்டாம். சோதித்த சீட்டு இருக்கிறதா? இல்லையென்றால், மேலே மணலிக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

தண்டையார்பேட்டை டாக்டர்: கூகுளில் மூன்று பேர் ஒரு ஸ்டார் போட்டிருக்கிறார்கள். ஐம்பது ஐந்து ஸ்டார் வாங்கித் தருகிறேன் என்கிறான் மச்சான் மகன்.

மச்சான் மகனைப் படிக்கச் சொல்லுங்கள். மூன்று பேருக்கும் மரியாதையாகப் பதில் எழுதி, நேரில் வரச் சொல்லுங்கள். நோயாளிக்கு என்ன வியாதி என்று அந்தப் பதிலில் எழுதிவிடாதீர்கள். அதையும் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.