சிறுபோகக் கட்டுரையின் மைய வாதம்: "பரந்து கிடக்கு" என்று திருப்பி விட்டால்

தம்பி, ஆய்வுக் கட்டுரையின் மைய வாதம் "பரந்து கிடக்கு" என்று மேற்பார்வையாளர் திருப்பி விட்டார், என்ன செய்யிறது என்று கேட்டிருந்தீங்கள். "இரணைமடுக் குளம் கிளிநொச்சி விவசாயத்தில் வகிக்கும் பங்கை இக்கட்டுரை ஆராய்கிறது" என்ற உங்கள் வசனம் தலைப்பைச் சொல்லுது, வாதத்தைச் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பியது அதுக்குத்தான். ஒருவரும் "இல்லை" என்று மறுக்க முடியாத வசனத்தை நிறுவ 20 பக்கம் தேவையில்லை.

முதலில் கேள்வியை ஒடுக்குங்கோ. காலபோகத்தை (மாரிமழையோடு செய்யும் பெரிய போகம்) விடுங்கோ. சிறுபோகத்தில் (குளத்து நீரை நம்பிச் செய்யும் கோடைப் போகம்) தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது; யாருக்கு எவ்வளவு என்பதில்தான் பிரச்சினை இருக்கு. பிறகு பதிலை ஒரே வசனத்தில், காரணத்தோடு எழுதுங்கோ. மாதிரிக்கு:

"இரணைமடுவின் சிறுபோகத்தில் வாய்க்கால் கடைசி வயல்களின் விளைச்சல் குறைவதற்கு, குளத்தின் நீர்மட்டத்தைவிட நீர் திறக்கும் ஒழுங்கே பெரிய காரணம்."

இதை மறுக்கலாம், அளந்தும் பார்க்கலாம். நீர்மட்டத்துக்கும் திறப்புக்கும் நீர்ப்பாசனத் திணைக்களப் பதிவு, விளைச்சலுக்குக் கமநல சேவை நிலையம், நீர்ப் பங்கீட்டு முடிவுகளுக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டக் (போகத்துக்கு முன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடுவது) குறிப்பு. இந்த மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டால் வாதத்தை அந்த அளவுக்குச் சுருக்குங்கோ. தரவில்லாத பெரிய வாதம் வாய்மொழித் தேர்வில் நிற்காது.

"முக்கியமான", "பல்வேறு", "பாரிய தாக்கம்" மூன்றையும் வெட்டுங்கோ. வாத வசனத்தை "வேண்டும்" என்று முடித்தால் அது பரிந்துரை, கடைசி அத்தியாயத்துக்குரியது.

தரவு எதிராக வந்தால் தரவை வளைக்காமல் வசனத்தை மாற்றுங்கோ. அந்த வசனத்தை முன்னுரையின் கடைசியில் வையுங்கோ. திருத்தினதை இங்கே போடுங்கோ, பார்க்கிறன்.