பெரிய பிரிண்டுக்கு எந்த நெகட்டிவ் பிலிம் வாங்கலாம்?

கேள்வி: அப்பாவின் பழைய நிக்கான் எஃப்எம்2 கேமராவைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். 50 மிமீ லென்ஸ்தான் இருக்கிறது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் கோபுரத்தை எடுத்து, 16-க்கு 24 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்ட ஆசை. பாட்டியையும் நாலு படம் எடுக்க வேண்டும். ஒரு கடையில் 400 பிலிம் (வெளிச்சத்தை உணரும் வேக எண் 400) எல்லாவற்றுக்கும் போதும் என்றார்கள். இன்னொரு கடையில் கோடாக் எக்டார் 100தான் என்றார்கள், விலையும் கூடுதல். சிற்பங்கள் துல்லியமாக, பொரிப்பொரியாகத் தெரியாமல் வர எதை வாங்குவது? – யீஷூன் வாசகி

பதில்: கோபுரத்துக்கு எக்டார் 100 வாங்குங்கள். கூடுதல் விலைக்கு அது ஈடுகொடுக்கும். 2008-ல் கோடாக் இதை வெளியிட்டபோது, உலகிலேயே மிக நுண்ணிய கிரெய்ன் (நீங்கள் சொல்லும் பொரிதான்) உள்ள கலர் நெகட்டிவ் என்று சொல்லித்தான் விற்றது. கோடாக்கின் தொழில்நுட்பத் தாள்களில் உள்ள எண்களும் அதையே காட்டுகின்றன. பிரிண்ட்டில் கிரெய்ன் எவ்வளவு தெரிகிறது என்பதற்கு அவர்கள் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதில் 25 என்பது கிரெய்ன் கண்ணுக்குத் தட்டுப்படத் தொடங்கும் இடம். 35 மிமீ ரோலில் இருந்து 4-க்கு 6 அங்குலப் பிரிண்ட் போட்டால், எக்டார் 100 அந்த 25-க்கும் கீழே நிற்கிறது. கோடாக்கின் இன்னொரு கலர் பிலிமான போர்ட்ரா 160-க்கு 28, போர்ட்ரா 400-க்கு 37. நாலு எண் கூடினாலே பெரும்பாலானவர்கள் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார்கள். சின்னப் பிரிண்ட்டிலேயே இப்படி என்றால் நீங்கள் கேட்கும் அளவில் யோசித்துப் பாருங்கள். 400 போதும் என்று சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள், சாயங்காலத்தில், கையில் பிடித்து எடுக்க அது நல்ல பிலிம். உங்கள் வேலைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆனால் பாட்டியை எக்டாரில் எடுக்காதீர்கள். அது நிறத்தைத் தூக்கிக் கொடுக்கும் பிலிம். கோபுரத்துச் சிற்பங்களின் நீலமும் பச்சையும் அதில் அழகாக வரும், நம் மாநிறத் தோலோ செம்மை தட்டிப்போகும். பாட்டிக்கு ஒரு ரோல் போர்ட்ரா 160 தனியாக வாங்குங்கள். ஒரே ரோல்தான் வாங்க முடியும் என்றால் போர்ட்ரா 160 ஒன்றே போதும். கோபுரத்தில் கொஞ்சம்தான் குறையும், பாட்டி முகம் இயல்பாக வரும்.

சரி, பிலிம் வாங்கியாயிற்று. துல்லியம் உண்மையில் தொலைவது அதற்கு அப்புறம்தான். கலர் நெகட்டிவைக் கழுவி முடித்ததும் அதிலுள்ள வெள்ளி நீங்கிவிடும். மிஞ்சுவது பொடிப்பொடியான நிறத் திட்டுகள். வெளிச்சம் தாராளமாக விழுந்த இடத்தில் அந்தத் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து நிரவிவிடும். வெளிச்சம் போதாத நிழல் பகுதியில் தனித்தனியாக நிற்கும். பலர் கிரெய்ன் என்று குறைப்பட்டுக்கொள்வது இந்த நிழலைத்தான். எக்டாரில் இன்னொரு தொல்லையும் சேரும்: வெளிச்சம் குறைந்தால் நிழல் நீலம் பாய்ந்துவிடும். அதனால் மீட்டரை வானத்தைப் பார்த்து வைக்காமல் சிற்பங்களைப் பார்த்து வையுங்கள். வெளிச்சம் அரை ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் படியில் பாதி) கூடினால் கெட்டுப்போகாது, குறையக் கூடாது. அந்தக் கோபுரம் கிழக்குப் பார்த்தது. காலை வெயிலில் போனால் முகப்பு முழுக்க வெளிச்சம் இருக்கும், மதியத்துக்கு மேல் போனால் வெயில் கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும். லென்ஸை எஃப்8-ல் வைத்து, முக்காலியில் நிறுத்தி எடுங்கள். நடைபாதையில் முக்காலிக்கு இடம் கிடைக்காவிட்டால் ஷட்டர் வேகம் 125-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்கேன். இங்கேதான் கடையில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கழுவும் கட்டணத்தோடு சேர்த்துத் தரும் ஸ்கேன் 3000-க்கு 2000 பிக்சல் அளவில் இருந்தால், 24 அங்குல நீளத்துக்கு விரிக்கும்போது அங்குலத்துக்கு 125 பிக்சல்தான் கிடைக்கும். எந்த பிலிம் போட்டாலும் அது போதாது. எக்டாருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு அங்கேயே வீண். பெரிய அளவு ஸ்கேன் வேண்டும், தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வேண்டும், மெஷினில் கூர்மையைக் கூட்ட வேண்டாம் என்று மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். மெஷின் கூட்டும் கூர்மை சிற்பத்தோடு கிரெய்னையும் சேர்த்தே கூர்மையாக்கும். எல்லாப் படத்துக்கும் வேண்டாம், முதலில் சாதாரண ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தேர்ந்தெடுத்த ஒரு படத்தை மட்டும் திரும்பக் கொடுத்தால் செலவு குறையும். நெகட்டிவை மறக்காமல் திரும்ப வாங்குங்கள்!

இன்னும் பெரிதாக மாட்டும் எண்ணம் இருந்தால் பிலிமை மாற்றுவதைவிட கேமராவை மாற்றுவதில்தான் பலன். உங்கள் நெகட்டிவின் குறுகிய பக்கம் 24 மிமீ. அதை 16 அங்குலமாக்க ஏறக்குறைய 17 மடங்கு பெருக்க வேண்டும். 120 என்ற அகலமான ரோல் போடும் கேமராவில் அந்தப் பக்கம் சுமார் 56 மிமீ, ஏழு மடங்கு சொச்சம் பெருக்கினால் போதும். எக்டாரும் போர்ட்ராவும் 120-லும் வருகின்றன. அந்த மாதிரி கேமராவை இரவல் வாங்க முடிந்தால் ஒரு ரோல் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்குக் கறுப்பு வெள்ளை போதும். நுண்ணிய கிரெய்னுக்கு எது? – அங் மோ கியோ வாசகர்

பதில்: கோடாக் டி-மேக்ஸ் 100, இல்ஃபோர்ட் டெல்டா 100, ஃபூஜி ஏக்ராஸ் 2. இந்த மூன்றில் எது கிடைத்தாலும் வாங்குங்கள், உங்கள் பிரிண்ட் அளவில் பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கத்துக் கடையில் கலர் மட்டும்தான் கழுவுகிறார்கள் என்றால் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் போடுங்கள். கலர் நெகட்டிவுக்கான அதே சி-41 ரசாயனத்தில் அதைக் கழுவலாம். ஒரு எச்சரிக்கை: கலரில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன் அல்லவா, வழக்கமான கறுப்பு வெள்ளையில் அது தலைகீழ். கூட்டினால் கிரெய்ன் கூடும்.

கேள்வி: தனியார் ஒருவர் இணையத்தில் காலாவதியான எக்டார் ரோல்களைப் பாதி விலைக்கு விற்கிறார். வாங்கலாமா? – ஜூரோங் வாசகர்

பதில்: துல்லியம் வேண்டுமென்றால் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அலமாரியில் கிடந்த பிலிமில் மூட்டம் ஏறும், நிழலில் கிரெய்ன் தடிக்கும், நிறம் ஒரு பக்கம் சாயும். டிரை கேபினெட்டில் வைத்திருந்தேன் என்பார்கள். அது ஈரத்தைத்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. ஃபிரிட்ஜில் இருந்ததா என்று கேளுங்கள். இன்னொன்று, பழுதான பொருளுக்கு ஆறு மாதம் வரை பயனீட்டாளருக்குத் துணைநிற்கும் லெமன் சட்டம் கடைகளிடம் வாங்கியதற்குத்தான். தனியாளிடம் வாங்கியதற்கு அது வராது. கடையிலேயே வாங்கினாலும், காலாவதி என்று சொல்லி விற்றதை அந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. பெட்டியிலுள்ள தேதியைப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

புது ரோலையும் வீட்டில் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காதீர்கள், பிலிமில் நீர் முத்து கோத்துவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு மதுரை போகிறேன். பத்து ரோலைப் பெட்டியில் வைக்கலாமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைக்கவே கூடாது. அதற்குப் போடும் எக்ஸ்ரே பிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையிலும் கவனம் வேண்டும், பல விமான நிலையங்களில் இப்போது சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. அதில் பிலிமை விட வேண்டாம் என்று கோடாக்கே சொல்கிறது. ரோல்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். முடிவு அதிகாரி கையில்தான், அதனால் கொஞ்சம் முன்கூட்டியே போங்கள். திரும்பும்போதும் இதே பாடு உண்டு. மதுரையிலோ சென்னையிலோ நம்பகமான லேப் தெரிந்தால் அங்கேயே கழுவிக்கொண்டு வந்துவிடுங்கள். கழுவிய நெகட்டிவை எந்த ஸ்கேனரும் ஒன்றும் செய்யாது.