இரவில் கழற்றப்பட்ட போல்ட்டுகள்

வணக்கம் ஐயா,

நானும் மனைவியும், பதினான்கு வயது மகளும் ஒன்பது வயது மகனுமாகச் சேர்ந்து எட்டு மாதங்களாக பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் ஒரு கிட் காரைப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு இதுதான் முதல் கார். சேசிஸ் என்ற அடிச்சட்டமும் ஃபைபர் பாடியும் பெட்டிகளில் வந்தன. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுத்தோம். தொடக்கத்தில் எல்லா வேலைக்கும் மகள்தான் முன்னால் நின்றாள். இரண்டு மாதங்களாக ஷெட் பக்கமே வருவதில்லை. கேட்டால் படிப்பு என்கிறாள். அவள் முடுக்கிய போல்ட்டுகளைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் ஒருமுறை கழற்றிப் பூட்டிவிடுவதால் பாதுகாப்பில் குறை இல்லை. பழைய எஞ்சினையே வைத்துக்கொள்ளலாமா, புதிது வாங்கலாமா? மீதி வேலையை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாமா? குடும்பமாகச் செய்யும் இத்தகைய வேலைகளுக்கு உண்மையில் பொருள் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் என்றால் அதையே வையுங்கள். மெக்கானிக்கிடம் கொடுப்பது உங்கள் விருப்பம். மூன்றாவது கேள்வியை எட்டு மாதம் உழைத்த பிறகு என்னிடம் கேட்கக் கூடாது.

நான் பதில் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாத ஒரு வரிக்காக. பிள்ளைகள் தூங்கிய பிறகு கழற்றிப் பூட்டுகிறீர்கள். அப்பாவின் ஸ்பேனர் பெட்டியைச் சென்ற மாதம் என் தங்கை எனக்கு அனுப்பியிருந்தாள். அதைத் திறந்த நாளிலிருந்து நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, பஞ்சர் ஒட்டி, செயினின் இழுவை பார்த்து, முதன்முறையாக நானே பூட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தவன், அவர் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு அதே நட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்குவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை; அந்தப் பெட்டியையும் பிறகு தொடவில்லை. எனக்குப் படிப்பில் நாட்டம் வந்துவிட்டதாக அவர் கடைசிவரை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் மகள் பார்த்திருப்பாள் என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தன் கையால் முடுக்கிய நட்டில் மறுநாள் புதிய ஸ்பேனர் கீறல் இருந்தால், ஆறு மாதம் அந்தக் காரோடு இருந்த பெண்ணுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

பாதுகாப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் இரவில் செய்வது பாதுகாப்புக்கே எதிரானது. முடுக்கப்பட்ட போல்ட் மிக நுண்ணிய அளவில் நீண்டு, ஒரு ஸ்பிரிங் போல இரு பாகங்களையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் குறித்த அளவில் ‘டக்’ என்று சொல்வது அதற்காகத்தான். அதற்குமேல் இருக்கட்டும் என்று இன்னொரு திருகு திருகினால், போல்ட் தன் மீள்தன்மையைக் கடந்து நீண்டுபோய், அறுந்துவிடவும் கூடும். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளில் நீங்கள் பூட்டியிருப்பவை நைலாக் நட்டுகளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருக்கும் நைலான் வளையம் மரைகளைக் கவ்விக்கொள்வதால்தான் அந்த நட் அதிர்வில் தளராமல் நிற்கிறது. கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிடி குறைகிறது. பதினான்கு வயதுப் பெண் சரியாகப் பூட்டியதைத் தகப்பன் இரவில் கெடுத்துவைத்திருக்கிறார். அவற்றுக்குப் புதிய நட்டுகள் வாங்குங்கள்.

பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் ஒருவர் பூட்டினால் இன்னொருவர் சரிபார்த்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைப் பகலில், பூட்டியவரின் கண்முன் செய்யுங்கள். முடுக்கியவர் நட்டிலிருந்து போல்ட்டுக்குக் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போடட்டும். சரிபார்த்தவர் வேறு நிறத்தில் இன்னொரு கோடு போடட்டும். நட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் பூட்டியதை அவள் சரிபார்க்கட்டும், அவள் பூட்டியதை நீங்கள் பாருங்கள். எல்லோருடைய வேலையும் பார்க்கப்படும்போது அது யாருக்கும் அவமானமாக இருக்காது. உங்கள் மகனையும் மறக்காதீர்கள். ஒன்பது வயதுக் கைக்குப் பெயிண்ட் பேனா பிடிக்க நன்றாகவே வரும்.

பிரிட்டனில் 1957-இல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கினால் அப்போது விற்பனை வரி இருக்கவில்லை. ஆனால் பூட்டும் விளக்கம் அதோடு தரக் கூடாது என்று விதி இருந்தது. அதனால் கழற்றும் விளக்கத்தைத் தந்து, பின்னாலிருந்து படித்துக்கொள்ளும்படி விட்டார்கள் என்று அந்தக் காரின் வரலாற்றைச் சொல்பவர்கள் சொல்வார்கள். உங்கள் பழைய காரைக் கழற்றியபோது ஸ்பேனரோடு முன்னால் நின்றது யார்? எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் மறந்திருப்பீர்கள். அவள் மறந்திருக்க மாட்டாள். அவளில்லாமல் மெக்கானிக்கிடம் கொடுத்தால், அவர் அதையெல்லாம் முதலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும்.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை இன்னும் எடுக்கவில்லை என்றால், அந்த வேலையை அவளுக்காக வைத்திருங்கள். ஒருவர் பெடலில் உட்கார வேண்டும், ஒருவர் சக்கரத்தருகே, காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறக்க வேண்டும். ‘மிதி’ என்றால் மிதித்து, ‘பிடி’ என்றால் பிடித்து, நிப்பிள் மூடும்வரை காலை எடுக்காமல் இருக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நிப்பிளில் அவள் இருக்கட்டும், பெடலில் நீங்கள் உட்காருங்கள், அவள் சொல்லும்போது மிதியுங்கள். புதிதாகத் திறந்த டின்னையே பயன்படுத்துங்கள்: பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். பாடியில் சிந்தினால் பெயிண்டை அரித்துவிடும். மகனிடம் தண்ணீரும் துணியும் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

அதற்கு முன், இரவில் நீங்கள் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் அவளிடம் காட்டி, இதை நான் கழற்றினேன் என்று சொல்லிவிடுங்கள். என் அப்பா ஒருமுறை சொல்லியிருந்தால், அந்தப் பெட்டியில் இருக்கும் பதினான்காம் நம்பர் ஸ்பேனர் இத்தனை ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்திருக்காது.