பேஸ்பாலில் ஊக்கமருந்து சோதனையில் சிக்கிய வீரர், நடைமுறைக் கோளாறைக் காட்டித் தப்பிப்பது நியாயமா?

நியாயம்தான். தப்பித்தவரே பின்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று தெரிந்தும் அப்படித்தான் சொல்வேன்.

இந்தக் கேள்வி வந்தாலே அமெரிக்க பேஸ்பால் வீரர் ரயன் பிரான்தான் ஞாபகத்துக்கு வருவார். 2011 அக்டோபர் 1, சனிக்கிழமை. அவர் ஆடிய மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்று) ஆட்டம் முடிந்ததும் அவரிடம் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள். அன்றே கூரியரில் சேர்க்க வேண்டும் என்பது விதி. வாங்கிய ஊழியரோ, இந்த நேரத்துக்கு மேல் எங்கே அனுப்பப் போகிறார்கள் என்று வீட்டுக்கு எடுத்துப்போய், அடித்தள அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துவிட்டார். திங்கட்கிழமைதான் அனுப்பினார். மாண்ட்ரியல் ஆய்வகத்துக்கு முத்திரை குலையாமல் போய்ச் சேர்ந்தது. தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எகிறியிருந்தது. 50 ஆட்டத் தடை வர வேண்டியது; மேல்முறையீட்டில் ஷியாம் தாஸ் என்ற ஆர்பிட்ரேட்டர் (இரு தரப்புக்கும் பொதுவான நடுவர்), மாதிரியை அனுப்பியதில் விதி மீறப்பட்டதால் 2012 பிப்ரவரியில் அதை ரத்து செய்தார். கடுப்பான மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்) நிர்வாகம் தாஸையே பதவியிலிருந்து நீக்கியது.

நான் லேப்பில் வேலை பார்ப்பவன். முத்திரை சரியாக இருந்தால், இரண்டு நாள் டப்பாவில் கிடந்ததால் ஊக்கமருந்து தானாக முளைத்துவிடாது. ஆனாலும், வாயில் போட்ட ஒரு மாத்திரைக்கு வீரர்தான் பொறுப்பு, தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கறாராக இருக்கிற நிர்வாகம், தன் பக்க விதியை மட்டும் 'சின்ன தாமதம்தானே' என்று தள்ளிவிட முடியாது.

எனக்கு ஆறாதது வேறு. ஜெயித்த கையோடு பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்த ஊழியர் மீதே சந்தேகம் விழும்படி பேசினார் பிரான். மாதிரி வாங்குகிறவர்களுக்குச் சம்பளமும் சொற்பம், பரிந்து பேசவும் ஆள் கிடையாது. 2013-இல், வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்ததாகச் சிக்கிய பயோஜெனிசிஸ் கிளினிக் விவகாரத்தில் 65 ஆட்டத் தடை வாங்கிய பிறகுதான் மன்னிப்பெல்லாம் வந்தது.

சரி, இழந்தது என்ன? தடைக்காலச் சம்பளம் போனது. 2011-இல் போட்ட 10.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பு அப்படியே இருந்தது. அந்த வருடத்து எம்.வி.பி. (லீக்கின் மிகச்சிறந்த வீரர்) விருதும் அவரிடமே இருக்கிறது. வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த மேட் கெம்ப், அதைப் பறிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். யாரும் பறிக்கவில்லை.